பதினேழாம் எண் வீட்டுக் குப்பை

நான் இதுவரை பார்த்த வேலைகளில் ஒரே ஒரு வேலைதான் பிழையே இல்லாமல் அமைந்தது. எங்கள் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய கெடுதலை எந்த எதிரியும் செய்ததில்லை. கொஞ்சம் அரைகுறையாகச் செய்திருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம்.

அந்த வேலையின் பெயர் ஆன்டாலஜி வடிவமைப்பு. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கழிவு மேலாண்மை செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஒரு பக்கம் இரும்பு உருக்காலை, மறுபக்கம் பெயின்ட் கிடங்கு, நடுவில் எங்கள் ஷெட். காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் மத்தியானத்துக்குள் காலர் கறுத்துவிடும். கீழே பெண்கள் வரிசையாக நின்று ஓடுகிற பெல்ட்டில் குப்பையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். மாடியில், ஏ.சி. போட்ட ஒரே அறையில், நான் குப்பைக்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருப்பேன்.

உலகத்தில் என்னென்ன பொருள் இருக்கிறது, எது எதற்குள் அடங்கும், எதுவும் எதுவும் ஒருநாளும் ஒன்றாக முடியாது என்பதையெல்லாம் கணினிக்குப் புரிகிற மாதிரி எழுதிவைப்பதுதான் ஆன்டாலஜி. வாழைப்பழத் தோல் ஒரு காய்கனிக் கழிவு. காய்கனிக் கழிவு ஒரு மக்கும் கழிவு. மக்கும் கழிவு எதுவும் மக்காத கழிவாக இருக்க முடியாது. இவ்வளவு எழுதிவைத்தால் போதும், மீதியைக் கணினியே யோசித்துச் சொல்லும். கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போவதால் இதை நாங்கள் மரம் என்போம். குப்பை பிரிப்பவர்களின் மண்டைக்குள் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து இப்படி எழுதிவைத்துவிட்டால், அவர்கள் போனாலும் அறிவு கம்பெனியிலேயே இருக்கும் என்பது எம்.டி.யின் கணக்கு. (அவர் "போனாலும்" என்று சொல்லவில்லை. "அனுப்பிட்டாலும்" என்றார். அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.)

எங்கள் வீடு திருவள்ளூரில், வைஷ்ணவக் குடும்பங்கள் நிறைந்த ஒரு தெருவில், பதினேழாம் எண். அப்பா பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு சின்னப் பெருமாள் கோயிலின் மடப்பள்ளியில் தளிகை செய்பவர். அதாவது பெருமாளுக்குச் சமைப்பவர். என் வேலையின் பெயரைச் சொன்னதும் அவர், "ஆண்டாள்ஜியா?" என்று கேட்டுப் பூரித்துப்போனார். அம்மாவோ அது என் மேலதிகாரியான ஏதோ வடநாட்டு அம்மாளின் பெயர் என்று முடிவு செய்துவிட்டாள். ஆண்டாள்ஜி லீவு கொடுக்க மாட்டாளா என்று போனில் கேட்பாள்.

லீவெல்லாம் கொடுத்தார்கள். நான்தான் போகவில்லை. கவரைப்பேட்டையில் அறை எடுத்திருந்தேன். அங்கிருந்து ஆரணி (பட்டுச்சேலை ஆரணி இல்லை, எங்கள் பக்கத்து ஆரணி), பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போக பஸ் உண்டு. ஆனால் ஆடி மாதத்தில் பெரியபாளையத்தில் பஸ் நகராது. பவானி அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் ரோடு முழுக்க நிற்பார்கள். அதைச் சாக்காக வைத்து ஆடி முழுக்க வீட்டுக்குப் போகவில்லை. ஆவணியில் வேறு சாக்கு. புரட்டாசியில் சாக்குகூடச் சொல்லவில்லை. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை போய், மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி, சாயங்காலம் திரும்புவேன். அம்மா இளைத்திருந்தாள். இருமினாள். சளிக்காய்ச்சல் என்றார் அப்பா. சளிக்காய்ச்சல் நாலு மாதம் இருக்குமா என்று கேட்கத் தெரியாதவன், குப்பையின் அறிவை நிர்வகித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அறிவை நான் நிர்வகித்த அழகையும் சொல்ல வேண்டும். பாதி டீயோடு வீசிய பேப்பர் கப் உணவுக் கழிவா, காகிதக் கழிவா என்று என்னுடனேயே ஒரு வாரம் வாதம் செய்தேன். ஒற்றைச் செருப்பைச் செருப்பு என்று சொல்லலாமா, அல்லது ஜோடியாக இருந்தால்தான் அது செருப்பா என்று மூன்று பக்கக் குறிப்பு எழுதி எம்.டி.க்கு அனுப்பினேன். அமாவாசைக்கு மறுநாள் வந்து குவியும் திருஷ்டிப் பூசணிக்காய் காய்கறியில் சேருமா என்று கீழே இருந்த பெண்களைக் கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை யாரும் கையால் தொட மாட்டோம், காலால் தள்ளிவிடுவோம் என்றாள் ஒருத்தி. நான் உடனே மாடிக்கு ஓடிப்போய் "தொடத் தயங்கும் பொருள்" என்று புதிய வகை ஒன்றை உருவாக்கிவிட்டு, பெரிய கண்டுபிடிப்பு செய்தவன் மாதிரி காபி குடித்தேன்.

இந்த லட்சணத்தில் கம்பெனி திருவள்ளூர் நகராட்சிக் குப்பையிலும் இறங்க நினைத்தது. ஒரு தெருவில் முதலில் நடத்திக் காட்டுங்கள் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். எந்தத் தெரு என்ற பேச்சு வந்தபோது, என் தெருவையே எடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

ஒவ்வொரு வீட்டிலும் குடும்பத் தலைவரின் தொழிலைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, வாசலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பேட்டரி வண்டியில் குப்பை வாங்க வரும் கன்னியம்மா என்ற தூய்மைப் பணியாளர் அதை போனில் ஸ்கேன் செய்துவிட்டு, தொட்டியை ஒரு படம் எடுத்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியலில் தொட வேண்டும். என் திரையில் வீட்டின் எண் தெரியாது. வெறும் குறியீடுதான் வரும். யாருடைய குப்பை என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று நானே பெருந்தன்மையோடு அமைத்த ஏற்பாடு அது.

குப்பையை வைத்து வீடுகளையும் வகை பிரித்தேன். குழந்தை இருக்கும் வீடு, பூக்கட்டும் வீடு, அசைவ வீடு. கறி, மீன் கழிவை உரக்குழிக்கு அனுப்பாமல் வேறு பக்கம் திருப்ப வேண்டும், அதனால் எந்தத் தெருவிலிருந்து எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பது காரணம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. இதுவரை மனிதர்கள் மட்டுமே அடுத்தவர் வீட்டுக் குப்பையைப் பார்த்து அந்த வீட்டைப் பற்றி முடிவு செய்துகொண்டிருந்தார்கள். நான் அந்த வழக்கத்தைக் கணினிக்கும் கற்றுக் கொடுத்தேன்.

ஒரு நாள் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் வாழைப்பழத் தோலுக்கு அடியில், கசக்கிய செய்தித்தாளிலிருந்து முட்டை ஓடு எட்டிப் பார்த்தது. பதிவில் "காய்கறித் தோல்" என்று இருந்தது. அதே குறியீட்டின் முந்தைய நாள் படத்திலும் முட்டை ஓடு, பதிவில் காய்கறித் தோல். அதற்கு முந்தைய நாளும் அதேதான். மாதக்கணக்கில் அப்படியே போனது. எனக்கு ரத்தம் கொதித்தது. தரவில் பொய்! (அம்மா இருமியபோது கொதிக்காத ரத்தம்.)

கன்னியம்மாவுக்கு போன் செய்தேன். நேரில் பார்த்ததில்லை, போனில் பழக்கம். ஏன் தவறாகப் பதிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சார், அது ஒரு பெரியவரு ஊடு," என்றார். "பேப்பர்ல சுத்தி, மேல வாழத்தோலப் போட்டு மூடிக்கினு வந்து குடுப்பாரு. குடுக்கச்சொல்ல என் மூஞ்சியக்கூட பாக்கமாட்டாரு. அந்தத் தெருவுல போயி முட்டைன்னு எழுதுனா இன்னா ஆவும்னு தெரியும் இல்ல? எதுக்கு சார் பேஜாரு. தோலுன்னு போட்டா தோலுதான்."

நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். கணினிக்குப் பெரியவர் சின்னவர் கிடையாது, நீங்கள் செய்வது இரக்கம் இல்லை, பிழை, ஒரு தவறான பதிவு இருந்தால் மொத்த அறிவும் கெட்டுவிடும் என்றெல்லாம் சொன்னேன். இனியும் இப்படிச் செய்தால் மேலே எழுத வேண்டியிருக்கும் என்று முடித்தேன். "சரி சார், உள்ளதையே போடறேன்" என்று வைத்துவிட்டார். பழைய பதிவுகளை நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அதே படங்களில் மாத்திரை அட்டைகளும் இருந்தன. அவற்றை "அலுமினியம் பூசிய பிளாஸ்டிக்" என்று கன்னியம்மா சரியாகவே பதிந்திருந்தார். சரியாக இருந்ததால் அவை என்ன மாத்திரை என்று நான் பார்க்கவில்லை.

செயல்விளக்க நாள் வந்தது. கும்மிடிப்பூண்டி ஷெட்டுக்குப் பின்னால் இருந்த கூட்ட அறையில் ஏற்பாடு. நகராட்சி அதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் தெருவாசிகளை அழைத்துவர வேன் அனுப்பினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் சேஷாத்ரி மாமாவும் ஒருவர். தெரு நலச் சங்கத்தின் செயலாளர், அப்பா வேலை செய்யும் கோயிலின் கமிட்டியிலும் முக்கியமானவர். அப்பாவும் வந்திருந்தார். சலவை வேட்டி, பளிச்சென்று திருமண், கையில் வெளியில் சாப்பிடாதவருக்கான தயிர்சாத டப்பா. முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் டையைச் சரிசெய்துகொண்டேன். (ஆமாம், குப்பைக் கிடங்கில் டை.)

தெருக்காரர்கள் வருகிறார்களே என்று அன்று காலையில் மரத்தில் ஒரு விதியைப் புதிதாகச் சேர்த்திருந்தேன். குடும்பத் தலைவரின் தொழிலை வைத்து வீட்டைப் பற்றிச் சொல்லும் விதி. சந்தேகத்துக்கே இடமில்லாத ஓர் உதாரணம் வேண்டும் என்று யோசித்தேன். அப்பா ஞாபகம் வந்தது. "கோயில் மடப்பள்ளியில் சமைப்பவரின் வீடு சைவ வீடு. சைவ வீடு எதுவும் அசைவ வீடாக இருக்க முடியாது." எழுதிவிட்டு ரசித்தேன். எம்.டி. தன் பங்குக்கு, வீட்டு எண்ணை மறைத்தால் பார்க்கிறவர்களுக்குச் சுவாரசியம் இருக்காது, இன்றைக்கு மட்டும் திறந்துவிடு என்றார். திறந்துவிட்டேன்.

முதலில் கன்னியம்மாவை மேடைக்கு அழைத்து, துல்லியமான பதிவுக்காக ஒரு சால்வை போர்த்தினார்கள். நான்தான் போர்த்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு என் ஆட்டம். தெரு வரைபடம் திரையில் வந்தது. எந்த வீட்டில் குழந்தை இருக்கிறது என்று கேட்டார்கள், சொன்னது. எந்த வீட்டில் போன வாரம் விசேஷம் என்று கேட்டார்கள், வாழை இலைகளை வைத்துச் சொன்னது. கைதட்டினார்கள். எதையும் கேட்கலாம், மரம் பொய் சொல்லாது என்று மார்தட்டினேன்.

சேஷாத்ரி மாமா எழுந்தார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று இன்றுவரை நம்புகிறேன். "ஏண்டா வாசு, நம்ம தெருவுல எல்லாரும் சைவம்தானான்னு ஒன் மிஷின் சொல்லுமா?" என்றார். (வைஷ்ணவர்கள் வாயில் சைவம் என்று வருவது இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்தான்.) எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் ஒரே ஒரு வீடு சிவப்பானது. வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ள, அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு நேரம் பிடித்தது. அதற்குள் கை தானாகவே அடுத்த பொத்தானுக்குப் போய்விட்டது. அதன் பெயர் "ஏன்?" கணினி எப்படி அந்த முடிவுக்கு வந்தது என்று விளக்கும் பொத்தான். அதைச் செய்ய எனக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. அழகான தமிழில், பெரிய எழுத்தில், வரி வரியாக விளக்கம் வந்தது.

வீட்டு எண் 17-இன் கழிவில் முட்டை ஓடு உள்ளது. முட்டை ஓடு அசைவ உணவுக் கழிவு ஆகும். எனவே வீட்டு எண் 17 அசைவ வீடு ஆகும். குடும்பத் தலைவரின் தொழில்: கோயில் மடப்பள்ளி. எனவே வீட்டு எண் 17 சைவ வீடு ஆகும். முரண்பாடு. இப்படி ஒருவர் இருக்க இயலாது.

இருக்க இயலாதவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து உருக்காலையில் கம்பி விழும் சத்தம் கேட்டது. நான் புரொஜெக்டரை அணைத்திருக்கலாம். லேப்டாப்பை மூடியிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். எதுவும் செய்யாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தரவில் ஏதாவது பிழை இருக்கலாம்" என்றேன். பிழை எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். எல்லாப் பிழைகளையும் நானே உட்கார்ந்து நீக்கியிருந்தேன்.

அப்பா எழுந்தார். திரையைப் பார்க்கவில்லை, சேஷாத்ரி மாமாவைப் பார்த்துப் பேசினார். "பிழையெல்லாம் இல்லை. ஆத்துல அவளுக்கு டிபி. தினம் ரெண்டு முட்டை குடுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொன்னா. நான்தான் வேகவெச்சுத் தரேன். கொல்லையில புதைச்சுண்டிருந்தேன். குப்பையைப் புதைக்கப்படாது, எல்லாத்தையும் வண்டியில குடுத்துடணும்னு இவாதான் வந்து சொன்னா. குடுத்தேன்."

என் அம்மாவுக்குக் காசநோய் என்று நான் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. டிபி என்று வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று என்னிடமும் சேர்த்து எல்லோரிடமும் மறைத்திருந்தார்கள். அம்மா முதலில் முட்டையைத் தொட மாட்டேன் என்றிருக்கிறாள். வாழ்நாள் முழுக்க கோயிலுக்குப் போவதற்கு முன்னால் வெங்காயத்தைக்கூடத் தொடாத மனிதர், அடுத்த தெருக் கடையில் போய் நின்று, முட்டை வாங்கி, தனிப் பாத்திரத்தில் வேகவைத்து, உரித்து, மிளகுத்தூள் போட்டு, "மருந்துன்னு நினைச்சு முழுங்கு" என்று கொடுத்திருக்கிறார். பிறகு கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் மடப்பள்ளிக்குப் போவார். இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மைக் வியர்வையில் வழுக்குகிறது என்பது மட்டும்தான்.

எம்.டி.தான் நிலைமையைக் காப்பாற்றினார். அதிகாரியின் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா சார், சொந்த ஃபாதரையே விடலை. இதுதான் எங்க சிஸ்டம்" என்றார். அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். ஒப்பந்தம் எங்களுக்கே கிடைத்தது. எனக்குச் சம்பளம் கூட்டினார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சாப்பாட்டு வேளையில் அப்பாவைத் தேடிப் போனேன். ஷெட்டுக்கு வெளியே வேன் நிழலில் நின்று தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். டப்பாவை நீட்டினார். அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு இன்றும் தெரியாது. வாங்கிச் சாப்பிட்டேன். கன்னியம்மா சால்வையை மடித்து பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தபடி அந்தப் பக்கம் வந்தார். எங்கள் இருவரையும் பார்த்து நின்றார்.

"நீ அந்த ஊட்டுப் புள்ளையா சார்?" என்றார். "தெனம் வரேன். ஒரு நாளும் பாத்ததில்லையே."

பதிலுக்குக் காத்திராமல் வேனில் ஏறிக்கொண்டார்.

அன்றைக்கு அவர்களோடு வேனிலேயே வீட்டுக்குப் போனேன். அம்மா என்னைத் திட்டவில்லை. அப்பாவைத்தான் பிடித்துக்கொண்டாள். முட்டை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கக் கூடாதா, டிபியை எதற்காகச் சபையில் சொன்னீர்கள், இனி இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்டாள். வெறும் முட்டை என்றால் நான் தின்றதாக ஆகும், பெருமாளுக்குப் பண்ணுகிற கை இல்லையா என்றார் அப்பா. அப்படியென்றால் நான் தின்றால் பரவாயில்லையா என்று அம்மா கேட்டாள். அன்றைய முட்டை இரண்டும் அடுப்பு மேடையில் கிடந்தன. நான் எடுத்து வேகவைத்தேன். ஒன்று வெடித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து சேஷாத்ரி மாமா வந்தார், கூடவே கமிட்டிக்காரர் இன்னொருவர். ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டில் தொற்று நோய், பிரசாதம் குழந்தைகளெல்லாம் சாப்பிடுவது, அதனால் கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்பா மடப்பள்ளிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். வேண்டாம் என்றார்கள்.

இதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால்தான் எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருக்கும். இரவும் பகலும் உட்கார்ந்து மரத்தைத் திருத்தினேன். "மருத்துவக் காரணத்துக்காக உண்ணப்படும் உணவு" என்று ஒரு புது வகை. "உண்பவர்" வேறு, "சமைப்பவர்" வேறு என்று ஒரு புது உறவு. முட்டை ஓட்டை அசைவத்திலிருந்து பெயர்த்து, சுண்ணாம்புச் சத்துள்ள கழிவுக்குக் கீழே வைத்தேன். ஓட்டிப் பார்த்தேன். சிவப்பு போய்விட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராக சேஷாத்ரி மாமா வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து பூணூல் திரித்துக்கொண்டிருந்தார். எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து திரையைத் திருப்பிக் காட்டினேன். பாருங்கள் மாமா, எங்கள் வீடு இப்போது சைவம், முரண்பாடு இல்லை என்றேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"மிஷினே ஒத்துண்டுடுத்தா? ரொம்ப சந்தோஷம்," என்றார். "ஆனா நேக்கு அன்னிக்குப் பார்த்தது மறக்கலையேடா."

லேப்டாப்பை மூடிக்கொண்டு வந்தேன். வாசலில் அவர் மனைவி, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், இரண்டடி தள்ளி நின்றபடி.

அம்மா மாத்திரைகளை முழுக்கச் சாப்பிட்டு முடித்தாள். நன்றாகிவிட்டாள், எடை கூடினாள். முட்டையை நிறுத்திய அன்று வேகவைத்த பாத்திரத்தை அப்பா கன்னியம்மாவிடமே கொடுத்துவிட்டார். கொஞ்ச நாள் ஓய்வு என்றார்களே, அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. கோயிலில் ஒரு கான்ட்ராக்டரை வைத்துக்கொண்டார்கள். அப்பா கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறார். பொன்னேரி, ஆரணி வரைக்கும் கூப்பிடுகிறார்கள். எங்கள் தெருக்காரர்களே பந்தியில் உட்கார்ந்து அவருடைய புளியோதரையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மண்டபத்தில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது போலிருக்கிறது.

நான் அந்தக் கம்பெனியில் இன்னும் நாலு வருஷம் இருந்தேன். மரம் இப்போது மூன்று ஊர்களில் ஓடுகிறது. "ஏன்?" பொத்தானை மட்டும் எடுத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. கல்யாணமும் நடந்தது. பெண் வீட்டார் எங்கள் கதையை முன்பே கேள்விப்பட்டிருந்தார்கள். என் மனைவி முதல் வாரத்திலேயே என்னிடம், உங்கள் தட்டில் மிச்சம் வைக்காதீர்கள், மிஷின் பார்த்து என்ன சொல்லுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். அதோடு அவளும் குடும்பத்தில் சேர்ந்துவிட்டாள்.

ஏனென்றால் எங்கள் வீட்டில், திரையில் வந்த அந்தக் கடைசி வாக்கியம் இன்றும் ஓடுகிறது. அப்பாதான் ஆரம்பித்தது. ஒரு நாள் அம்மா வைத்த சாத்தமுதில் (ரசத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) உப்பே இல்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, கணினியின் குரல் மாதிரி, "முரண்பாடு. இப்படி ஒரு சாத்தமுது இருக்க இயலாது" என்றார். அம்மா சிரித்துப் புரையேறி இருமினாள். அந்த இருமலைக் கேட்டு நாங்கள் மூவரும் ஒரு நொடி அப்படியே நின்றோம். வெறும் புரைதான் என்று தெரிந்ததும் மறுபடி சிரித்தோம். அதிலிருந்து வராத பஸ்ஸும் இருக்க இயலாது, கரண்ட் பில்லும் இருக்க இயலாது. உறவுக்காரர்கள் வந்தால் அம்மா முழுக் கதையையும் சொல்வாள், டிபியை விட்டுவிட்டு, கோயிலை விட்டுவிட்டு. பிள்ளை பெரிய திரை போட்டு அப்பாவின் முட்டையைப் பிடித்த கதையாக அது ஆகிவிட்டது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன மாதம் கோயிலிலிருந்து போன் வந்தது. உற்சவ நேரம், கான்ட்ராக்டர் கடைசி நிமிஷத்தில் வரவில்லை. அம்மா எடுத்தாள். கமிட்டியில் புதிதாக வந்திருக்கும் யாரோ, பழைய விஷயமெல்லாம் தெரியாதவர். ஒரே ஒரு நாள் தளிகைக்கு வர முடியுமா, இருக்கிறாரா என்று கேட்டார். அம்மா போனைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "இப்படி ஒருத்தர் இருக்க இயலாதுன்னு சொல்லிடு" என்றார்.

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவும் சிரித்துவிட்டாள், போனை மூடிய கை குலுங்க. நானும் சிரித்தேன். அப்பா அடுத்த கத்தரிக்காயை எடுத்துக்கொண்டார். அவர் போகவில்லை.